ஈஸ்ட், புழு, பழ ஈ, எலி, நோயாளியின் செல்: நரம்புச் சிதைவு நோய் ஆய்வை எங்கே தொடங்குவது?

இரண்டு பெட்ரித் தட்டுகள். இரண்டிலும் ஒரே ஈஸ்ட், ஐந்தைந்து மடங்காக நீர்த்துப் புள்ளி வைத்தது. 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து எடுத்தால், குளுக்கோஸ் கலந்த தட்டில் ஐந்து புள்ளிகளும் வெண்ணெய் நிறத்தில் செழித்திருக்கும். காலக்டோஸ் கலந்த தட்டில் முதல் புள்ளியில் மட்டும் மங்கலாக ஏதோ தெரியும். மற்ற இடமெல்லாம் வெறும் அகார். காலக்டோஸ் பட்டதும் விழித்துக்கொள்ளும்படி அந்த ஈஸ்டுக்குள் வைத்திருந்தது மனிதரின் ஆல்ஃபா-சைனூக்ளின் மரபணு. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் திரள் திரளாகத் தேங்கிக் கிடப்பது அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதம்தான்.

இந்தத் தட்டை முதன்முறை பார்க்கும் மாணவருக்கு வியப்பும் சந்தேகமும் சேர்ந்தே வருகின்றன. சந்தேகம் நியாயமானது. என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்தபோது சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும். நடக்கத் தொடங்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதையும், குரல் தேய்ந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். இவற்றில் ஒன்றுகூட அந்தத் தட்டில் இல்லை. இருந்தாலும் நரம்புச் சிதைவு நோய் ஆய்வில் இறங்குபவர் பலருக்கு நான் ஈஸ்டையே முதலில் பரிந்துரைக்கிறேன். எல்லாருக்கும் அல்ல. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஐந்தாண்டு உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்குச் சேரும் ஒருவருக்கு முன்னால் பொதுவாக ஐந்து வழிகள் இருக்கின்றன: ஈஸ்ட், உருளைப்புழு, பழ ஈ, எலி, நோயாளியின் தோல் அல்லது இரத்தத்திலிருந்து உருவாக்கிய நரம்பு செல். எது மனித மூளைக்கு மிக நெருக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பலரும் முனைகிறார்கள். அந்த அளவுகோலில் ஈஸ்ட் எப்போதும் கடைசி இடத்தில்தான் இருக்கும். நான் கேட்கச் சொல்வது வேறு: உங்கள் கேள்வி செல்லுக்கு உள்ளே நடப்பதைப் பற்றியதா, செல்களுக்கு இடையே நடப்பதைப் பற்றியதா? உள்ளே என்றால் ஈஸ்ட். இடையே என்றால் ஈஸ்டைத் தொடவே வேண்டாம்.

ஏன் உள்ளே என்றால் ஈஸ்ட்? அல்சைமர், பார்க்கின்சன், ஹன்டிங்டன், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏஎல்எஸ் ஆகிய நான்கிலும் ஏதோ ஒரு புரதம் சரியாக மடியாமல் திரண்டுபோகிறது. புரதத்தை மடித்துவிடுவது, தவறாக மடிந்ததை அடையாளம் கண்டு அழிப்பது, புரதங்களை நுண்பைகளில் ஏற்றி உரிய இடத்துக்கு அனுப்புவது, பழுதான நுண்ணுறுப்புகளை விழுங்கிச் செரிப்பது என்று செல்லின் அன்றாட வீட்டு வேலைகள் ஈஸ்டிலும் நரம்பு செல்லிலும் ஏறக்குறைய ஒரே கருவிகளால் நடக்கின்றன. நுண்பைப் போக்குவரத்துக்காக 2013இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ராண்டி ஷெக்மன் ஈஸ்டில் வேலை செய்தவர். தாமஸ் சூடாஃப் நரம்பு செல்லில் வேலை செய்தவர். செல் தன்னையே விழுங்கிச் செரிக்கும் ஆட்டோஃபேஜிக்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபெல் கிடைத்ததும் ஈஸ்டை வைத்துச் செய்த ஆய்வுக்குத்தான். 2015இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இன்னும் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்து, அந்த இடத்தில் அதற்கு இணையான மனித மரபணுவை வைத்தார்கள். ஏறத்தாழ பாதி இடங்களில் மனித மரபணு வேலையைப் பார்த்துக்கொண்டது, ஈஸ்ட் பிழைத்தது. இரண்டு உயிரினங்களும் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்கு அருகில் ஆகிறது என்பதை நினைத்தால் இது சிலிர்க்க வைக்கும் முடிவு.

வேகத்தைச் சொல்லவே வேண்டாம். ஈஸ்ட் 90 நிமிடத்தில் இரட்டிக்கிறது. 6,000 அளவிலான அதன் மரபணுக்களில், இல்லாவிட்டாலும் உயிர்பிழைக்கக்கூடிய கிட்டத்தட்ட 4,800ஐயும் ஒவ்வொன்றாக நீக்கிய வகைகள் தயாராகத் தட்டுகளில் கிடைக்கின்றன. அந்தத் தொகுப்பு முழுவதிலும் ஒரு நோய்ப் புரதத்தை ஏற்றிப் பார்க்கச் சில வாரம் போதும். எலியில் அதே வேலைக்கு ஒரு மனித ஆயுள் போதாது.

இந்தப் பலம் என்ன செய்யும் என்பதற்கு ஆல்ஃபா-சைனூக்ளின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 2003இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஒயிட்ஹெட் நிறுவனத்தில் டியாகோ அவுட்டெய்ரோவும் சூசன் லிண்ட்குவிஸ்டும் இந்த மனித மரபணுவை ஈஸ்டில் வைத்தார்கள். ஒரு பிரதி வைத்தபோது புரதம் செல்லின் வெளிச்சவ்வில் போய் ஒட்டிக்கொண்டது. செல் நலமாக வளர்ந்தது. இரண்டு பிரதி வைத்தபோது புரதம் செல்லுக்குள் திரண்டது. செல் வளர்ச்சி நின்றது. இரட்டிப்பான அளவே வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் நின்றது. அதே ஆண்டில், ஆல்ஃபா-சைனூக்ளின் மரபணு இருக்கும் பகுதி மும்மடங்காகப் பெருகியதால் பார்க்கின்சன் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆய்வும் வெளியானது. மரபணுவில் எழுத்துப் பிழை எதுவும் தேவையில்லை, அளவு கூடினாலே நோய் வரும் என்பதை மனிதக் குடும்பமும் ஈஸ்ட் தட்டும் ஒரே ஆண்டில் சொன்னதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

மூன்று ஆண்டு கழித்து, லிண்ட்குவிஸ்ட் குழு ஒரு படி மேலே போனது. காலக்டோஸ் கொடுத்த பிறகு செல்லில் முதலில் பழுதாவது எது என்று தேடியபோது, புரதம் உருவாகும் எண்டோபிளாச வலையிலிருந்து, அதைப் பிரித்து அனுப்பும் கோல்கைக்குப் போகும் நுண்பைகள் தடைபடுவது தெரிந்தது. எந்த மரபணுவைக் கூட்டினால் செல் மீள்கிறது என்று தனியாகத் தேடியபோது கிடைத்தவற்றிலும் அதே போக்குவரத்துப் பாதையைச் சேர்ந்தவையே அதிகம். அவற்றில் ஒன்றான ஒய்பிடி1 மரபணுவுக்கு இணையான விலங்கு மரபணு ராப்1. அதைப் பழ ஈயிலும், உருளைப்புழுவிலும், தட்டில் வளர்த்த எலிக் கரு நரம்பு செல்களிலும் கூட்டியபோது, பார்க்கின்சனில் சாகும் வகையான டோபமின் நரம்பு செல்களின் அழிவு குறைந்தது. 2013இல் அதே குழுவினர் ஈஸ்டை மீட்கும் ஒரு சிறு வேதிப்பொருளைக் கண்டறிந்து, அது பார்க்கின்சன் நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த நரம்புகளிலும் பழுதைச் சரிசெய்வதைக் காட்டினார்கள். தட்டில் தொடங்கிய ஒரு கேள்வி நோயாளியின் செல் வரை போய்ச் சேர்ந்த வழி இது. முதல் படியை எலியில் தொடங்கியிருந்தால் எந்த மரபணுவைத் தேடுவது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு முடிவும் 2003இல்தான் வந்தது. 4,850 நீக்க வகைகளில் ஹன்டிங்டன் நோய்ப் புரதத்தின் துண்டையும் ஆல்ஃபா-சைனூக்ளினையும் தனித்தனியாக ஏற்றிப் பார்த்தார்கள். முதலாவதன் நச்சைக் கூட்டிய நீக்கங்கள் 52, இரண்டாவதன் நச்சைக் கூட்டியவை 86. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. திரளும் புரதம் எதுவானாலும் செல்லைக் கொல்லும் வழி ஒன்றுதான் என்று எண்ணியிருந்தவர்களை இது நிமிர்ந்து உட்கார வைத்தது. இவ்வளவு தெளிவான விடையை வேறு எந்த உயிரியும் அன்று தந்திருக்க முடியாது.

இனி மறுபக்கம். ஈஸ்டைப் பரிந்துரைப்பவர்கள் இதை விழுங்கிவிடுவதுண்டு.

ஆல்ஃபா-சைனூக்ளினில் ஏ30பி என்றொரு திரிபு உண்டு. மனிதரில் அது குடும்பவழிப் பார்க்கின்சனைத் தருகிறது. ஈஸ்டில் அது சவ்வில் ஒட்டாமல் செல் முழுவதும் பரவிக் கிடக்கிறது. எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஈஸ்டை மட்டும் நம்பியிருந்தால் அதைத் தீங்கற்ற திரிபு என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். ஹன்டிங்டன் புரதத்திலும் இப்படி ஒரு சிக்கல். அது ஈஸ்டில் நச்சாக மாறுவதற்கு ஆர்என்க்யூ1 என்ற ஈஸ்ட் புரதம் பிரியான் வடிவில், அதாவது தன் தவறான மடிப்பை மற்ற பிரதிகளுக்கும் தொற்றவைக்கும் வடிவில், இருக்க வேண்டும். அந்தப் பிரியானைத் தலைமுறைதோறும் காப்பாற்றிவருவது ஹெச்எஸ்பி104 என்ற மடிப்பு உதவியாளர். விலங்குகளில் ஹெச்எஸ்பி104 கிடையாது. ஆகவே ஈஸ்டில் கிடைக்கும் ஒவ்வொரு முடிவையும் பார்த்து, இது நோயைப் பற்றிச் சொல்கிறதா, ஈஸ்டைப் பற்றிச் சொல்கிறதா என்று கேட்டாக வேண்டும்.

கைவேலையிலும் பொறிகள் உண்டு. நச்சு மரபணுவை இயக்கும் காலக்டோஸ் விசையைப் பழுதாக்கும் எந்த மரபணுவும் மீட்பு மரபணுவைப் போலவே தோன்றும். நச்சுப் புரதம் உருவாகாவிட்டால் செல் வளரத்தானே செய்யும். மருந்து தேடுபவருக்கு வேறொரு தொல்லை. ஈஸ்ட் வேதிப்பொருள்களைச் சுறுசுறுப்பாக வெளியே தள்ளிவிடும் உயிரி. பிடிஆர்5 போன்ற வெளியேற்றிகளை நீக்கிய வகையில்தான் சோதிக்க வேண்டும். என் சொந்த அனுபவம் ஒன்று: நான் ஆய்வைத் தொடங்கிய காலத்தில், நச்சிலிருந்து மீண்ட காலனிகள் என்று மகிழ்ந்து மூன்று மாதம் அவற்றின் பின்னால் ஓடினேன். கடைசியில் புரதத்தின் அளவைச் சோதித்தபோது அந்தக் காலனிகளில் ஆல்ஃபா-சைனூக்ளினே இல்லை. நச்சைச் சுமக்க முடியாத செல்கள் அந்த மரபணுவை உதறிவிட்டுப் பெருகியிருந்தன. முதல் நாளே புரதம் இருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை ஒன்றை எடுத்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

சரி, மற்ற வழிகள்.

உருளைப்புழு. சிட்னி பிரென்னர் 1960களில் ஆய்வு மேசைக்குக் கொண்டுவந்த இந்த ஒரு மில்லிமீட்டர் உயிருக்கு உடம்பு கண்ணாடி. இருபால் புழுவின் நரம்பு செல்கள் 302. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. டோபமின் நரம்பு செல்கள் எட்டே எட்டு. ஒளிரும் புரதத்தை வைத்துவிட்டால் உயிருள்ள புழுவில் அவை ஒவ்வொன்றாக மறைவதை நுண்ணோக்கியில் எண்ணலாம். ஆயுள் இரண்டு மூன்று வாரம் என்பதால் முதுமையைப் பற்றிய கேள்விக்கு இதைவிட விரைவான விலங்கு கிடைப்பது அரிது. ஈஸ்டைப் போலவே இதையும் உறைய வைத்துப் பாதுகாக்கலாம். உங்கள் கேள்வியில் ‘வயது’ என்ற சொல் இருந்தால் புழுவைப் பாருங்கள்.

பழ ஈயிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. மெல் ஃபீனியும் வெல்கம் பெண்டரும் 2000இல் ஆல்ஃபா-சைனூக்ளினை ஈயில் வைத்தபோது டோபமின் செல்கள் வயதோடு அழிந்தன, செல்லுக்குள் திரள்கள் தோன்றின, ஈக்கள் ஏறும் திறனை இழந்தன. சோதனைக் குழாயைத் தட்டிவிட்டு எத்தனை ஈக்கள் மேலே ஏறுகின்றன என்று எண்ணும் எளிய சோதனைதான். ஆனால் அதில் ஒரு தடுமாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. தட்டில் தெரியாதது இங்கே தெரிகிறது. ஈயின் கூட்டுக்கண் இன்னொரு வரம். கண் இல்லாமலும் ஈ பிழைத்துக்கொள்ளும் என்பதால் நச்சுப் புரதத்தைக் கண்ணில் மட்டும் உருவாக்கி, கண் கரடுமுரடாவதையோ சீராவதையோ பார்த்தே மரபணுக்களைச் சலித்துவிடலாம். 2024இல் முதிர்ந்த ஈ மூளையின் முழு இணைப்பு வரைபடமும், ஏறத்தாழ 1,39,000 நரம்பு செல்களோடு, வெளியானது. குறை என்றால் பராமரிப்புதான். ஈ வகைகளை உறைய வைத்துப் பாதுகாப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பொங்கலானாலும் தீபாவளியானாலும் யாராவது வந்து புதுக் குழாய்க்கு மாற்றியாக வேண்டும்.

ஈஸ்டும் ஈயும் கைகோத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஏஎல்எஸ் ஆய்வில் ஓர் அழகான தொடர் இருக்கிறது. அந்த நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் திரள்வது டிடிபி-43 என்ற புரதம். ஆரன் கிட்லர் குழு அதை ஈஸ்டில் வைத்து, சுமார் 5,500 மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்ததில் பிபிபி1 என்ற மரபணு நச்சை மாற்றுவது தெரிந்தது. அதற்கு இணையான மனித மரபணு அட்டாக்சின்-2. நான்சி போனினியின் ஆய்வகம் ஈயின் கண்ணில் அதை உறுதிசெய்தது. பிறகு நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். அட்டாக்சின்-2இல் குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தின் தொடர் சற்றே நீண்டிருப்பது 915 ஏஎல்எஸ் நோயாளிகளில் 4.7 விழுக்காட்டினரிடம் இருந்தது, நோயற்றவர்களிடம் 1.4 விழுக்காடுதான். ஈஸ்ட் தட்டில் தொடங்கி மனித நோய்க் காரணி ஒன்று வரை 2010இல் ஒரே கட்டுரையில் போய்ச் சேர்ந்தார்கள். 2017இல், டிடிபி-43 எலிகளில் அட்டாக்சின்-2ஐக் குறைத்தபோது ஆயுள் கூடியது. அதன் பிறகு மனிதரில் அட்டாக்சின்-2ஐக் குறைக்கும் மருந்து சோதனைக்கு வந்தது. பயன் தெரியாததால் 2024இல் நிறுத்தப்பட்டது. எனக்கு அந்தச் செய்தி மிகுந்த வருத்தம் தந்தது. ஒவ்வொரு படியும் ஒழுங்காக ஏறிய ஆய்வும் கடைசிப் படியில் வழுக்கலாம். அதற்காக முதல் படியைக் குறைசொல்ல முடியாது: நோய்க் காரணியாக அது கண்ட மரபணு இன்றும் நிற்கிறது.

எலியைப் பற்றிச் சொல்லும்போதும் இதை மனத்தில் வைக்க வேண்டும். எலிக்கு மூளை இருக்கிறது, நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்கள் இருக்கின்றன, நோயெதிர்ப்பு மண்டலமும் இரத்த-மூளைத் தடுப்பும் இருக்கின்றன. மருந்து மூளைக்குள் நுழையுமா, முதுகுத்தண்டு முழுவதும் பரவுமா என்ற கேள்விக்கு ஈஸ்டும் ஈயும் விடை சொல்லாது. எஸ்ஓடி1 மரபணுத் திரிபுள்ள ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபர்சென் மருந்து, அதே மரபணுவைச் சுமந்த எலிகளில் ஆயுளைக் கூட்டிக் காட்டிய பிறகே மனிதரிடம் வந்தது. எலி இல்லாமல் அந்த மருந்து இல்லை.

ஆனால் நெருக்கம் என்பதாலேயே எலியை முழுதும் நம்புவதும் ஆபத்து. மினோசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக் 2002இல் எஸ்ஓடி1 எலிகளில் நோயைத் தாமதப்படுத்தியது. அந்த நம்பிக்கையில் 412 ஏஎல்எஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007இல் வந்த முடிவின்படி, மருந்து எடுத்தவர்களின் உடல்நிலை எடுக்காதவர்களைவிட 25 விழுக்காடு வேகமாகச் சரிந்தது. இதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காலக்கணக்கும் கடுமையானது. அமிலாய்டு திரளும் அல்சைமர் எலி வகைகள் சிலவற்றில் திரள்கள் தெளிவாகத் தெரியவே ஒன்பது மாதம், ஓராண்டு ஆகும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, விலங்குக் கூடத்தில் இடம், போதுமான எண்ணிக்கையில் குட்டிகள் என்று தொடங்கவே ஓராண்டு போய்விடும். (மரபணு மாற்ற வேலை என்பதால் ஈஸ்டுக்கும் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும், ஆனால் அது தாளில் முடிகிற வேலை.) அனுபவமுள்ள எலி ஆய்வகம் ஒன்றில் ஏற்கெனவே வளர்ந்த கூட்டம் இருந்தாலொழிய, முனைவர் பட்ட மாணவர் எலியில் தொடங்குவதை நான் ஆதரிப்பதில்லை.

நோயாளியின் செல்லிலிருந்து உருவாக்கிய நரம்புகள் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஷின்யா யமனகா 2007இல் மனிதத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டிய அடுத்த ஆண்டே ஏஎல்எஸ் நோயாளியின் செல்லிலிருந்து இயக்க நரம்புகள் வந்துவிட்டன. நோயாளியின் சொந்த மரபணுத் தொகுதி முழுவதும் அப்படியே இருப்பது இதன் பெரும்பலம். இரண்டு பலவீனங்கள்: செலவு, வயது. செல் வளர்க்கும் ஊடகமும் வளர்ச்சிக் காரணிகளும் சிறிய ஆய்வகத்தின் ஆண்டு நிதியை விழுங்கிவிடும். அறுபது வயதுக்காரரின் செல்லும் மறுநிரலாக்கத்தில் வயதின் தடங்களை இழந்து கருவின் செல்லைப் போல ஆகிவிடுகிறது. முதுமையில் வரும் நோயை இளம் செல்லில் தேடுகிறோம். ஆகவே இதை நான் தேடும் இடமாகக் கொள்வதில்லை, சரிபார்க்கும் இடமாகக் கொள்கிறேன். ஈஸ்டில் கிடைத்த இரண்டு மூன்று மரபணுக்களோடு இங்கே வந்தால் பணம் வீணாகாது.

இங்கே என் பிரிப்புக்கே ஒரு சவால் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்கு இடையே நடப்பது என்றால் ஈஸ்ட் வேண்டாம் என்றேன். 2005இல் ஹன்டிங்டன் புரதத்தின் நச்சைக் குறைக்கும் நீக்கங்களை ஈஸ்டில் தேடியபோது மிக வலுவாக வந்தவற்றில் ஒன்று பிஎன்ஏ4. டிரிப்டோஃபனைச் சிதைக்கும் பாதையிலுள்ள நொதி அது. அதற்கு இணையான மனித நொதி கேஎம்ஓ. மூளையில் அது பெரும்பாலும் இருப்பது நரம்பு செல்லில் அல்ல, பக்கத்திலுள்ள மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்பு செல்லில். நரம்பு செல்லின் அண்டைவீட்டாரை நோக்கிக் கைகாட்டியது, அண்டைவீடே இல்லாத ஓர் உயிரி. இப்படியும் நடக்கும், ஆனால் இதை நம்பி ஆய்வுத் திட்டம் எழுத முடியாது.

ஆகவே, குறிப்பிட்ட டோபமின் செல்கள் மட்டும் ஏன் சாகின்றன என்பது உங்கள் கேள்வியானால் ஈக்கும் நோயாளியின் செல்லுக்கும் போங்கள். நரம்பு செல்களை இணைக்கும் சினாப்ஸ்களின் இழப்பு, மூளை அழற்சி, நோய் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் பரவுவது என்றால், எலி வளர்க்கும் ஆய்வகத்தைத் தேடிச் சேருங்கள். புதிதாக அடையாளம் காணப்பட்ட ஒரு புரதமோ திரிபோ கையில் இருந்து, அது செல்லை எப்படிக் கெடுக்கிறது என்பதே தெரியாத நிலை என்றால், அடுத்த வாரமே ஈஸ்டில் தொடங்கலாம். இயல்பான மரபணு, திரிபு, வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் சுமந்துசெல்லும் டிஎன்ஏ வளையம்) மூன்றையும் காலக்டோஸ் விசையின் கீழ் வையுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுத்த மூன்று காலனிகளையாவது புள்ளி வையுங்கள். அதே நாளில் புரதத்தின் அளவையும் பாருங்கள். பிரதியை ஒன்றிலிருந்து இரண்டாக்கிப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

அதன் பிறகும் தட்டு நிறைய ஈஸ்ட் செழித்திருந்தால், ஏ30பியை நினைத்துக்கொள்ளுங்கள். தீங்கற்ற திரிபு என்று எழுதிவிடாதீர்கள். வலுவான விசை, கூடுதல் பிரதி என்று ஏற்றிக்கொண்டே போய் ஈஸ்டை வற்புறுத்தவும் வேண்டாம். அளவுக்கு மீறினால் எந்தப் புரதமும் செல்லைக் கொல்லும். அந்தப் பிளாஸ்மிடையே எடுத்துக்கொண்டு, பக்கத்து ஈ ஆய்வகத்தில் ஒரு கண் கிடைக்குமா என்று கேளுங்கள்.